எந்தக் கை

எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். வேன் பிள்ளைகள் பாதியிலேயே பையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது கணக்கு டீச்சர் வந்து, "சந்திரிகா மிஸ், போர்ஷன் முடியல, இன்னிக்கு எனக்குக் குடுத்துடுங்களேன்" என்பார். கொடுத்துவிடுவேன். பத்தொன்பது வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, சத்தியநாதன் சார். விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டிருப்பது மாணவி எழில் விஷயத்தில் நடந்ததை எழுதித் தரும்படி மட்டுமே. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால் எனக்கு அந்தக் கடைசிப் பீரியட்தான் முதலில் வருகிறது. நீங்களும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களுக்குப் புரியும்.

போன ஜூன் மாதம் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நிர்வாகத்தின் ஆறு பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'என்னை நான் வரைகிறேன்' என்ற ஓவியத் திட்டத்தைச் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு பெரிய நோட்டு. மாதம் ஒரு படம், தன்னைப் பற்றி. எதிர்ப்பக்கத்தில் அந்தப் படத்தைப் பற்றிச் சில வரிகள். பிள்ளை தன்னைத் தானே உற்றுப் பார்க்க வேண்டும், ஜூனில் இருந்ததைவிட ஜனவரியில் மனத்தளவில் வளர்ந்திருக்க வேண்டும். ஜனவரியில் கண்காட்சி. முதல் பரிசு பெறும் படம் நகரத்தில் ஒரு கலைக்கூடத்தில் பத்து நாள் வைக்கப்படும். படத்தின் கீழே மாணவர் பெயரும் வழிநடத்திய ஆசிரியர் பெயரும் இருக்கும்.

நடுவர் பெயர் எட்மண்ட் என்று போட்டிருந்தது. கவின்கலைக் கல்லூரியில் அவர் என்னோடு படித்தவர். மூன்றாம் ஆண்டில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "நீதான் எங்க எல்லாரையும் விட மேல போவ" என்று சொன்னவர். அவருடைய படங்கள் இப்போது வெளிநாடுகளில் தொங்குகின்றன. நான் கிழக்குத் தாம்பரத்தில் பிள்ளைகளுக்கு ஆப்பிளுக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொன்னேன்: "இந்த நோட்டை உங்களையும் என்னையும் தவிர யாரும் பாக்கமாட்டாங்க. எதை வெளியில வைக்கலாம்னு நீங்க சொன்னாத்தான் வைப்பேன்." அந்த வாக்கைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் யாரும் ஜன்னலைப் பார்க்காமல் இருந்தது அன்றுதான்.

எழில் முடிச்சூரிலிருந்து வரும் பெண். அப்பா மஸ்கட்டில் வேலை. அம்மா கோகிலவாணி முடிச்சூர் மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கு எதற்காவது வர வேண்டுமென்றால் அப்பாவின் அண்ணன் பொன்னுரங்கம் வருவார். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த நிலமெல்லாம் அடுக்குமாடியாக நிற்கிறது. எழில் அதிகம் பேசமாட்டாள். கோடு மட்டும் சுத்தமாக வரும்.

ஆகஸ்ட் மாதத் தலைப்பு 'நான் தொலைத்தது'. பிள்ளைகள் செல்போன், நாய்க்குட்டி, கிரிக்கெட் டீமில் இடம் என்று வரைந்தார்கள். எழில் தண்ணீரில் மிதக்கும் ஒற்றை ரப்பர் செருப்பை வரைந்திருந்தாள், ஒரு சாண்கூட இல்லாத குழந்தைச் செருப்பு. எதிர்ப்பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'என் தம்பி சூர்யா. 2015 வெள்ளத்தில் போய்விட்டான். அவனுக்கு இரண்டரை வயது, எனக்கு ஐந்து. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மொட்டைமாடியில் யாரோ பிஸ்கட் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.'

செப்டம்பரில் எட்மண்ட் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. நடுவர்தானே என்று காட்டினேன். வேகமாகப் புரட்டிக்கொண்டே போனவர் அந்தச் செருப்பில் நின்றார்.

"இதுல ஏதோ இருக்கு, சந்திரிகா. ஆனா இந்தப் பொண்ணு இன்னும் உள்ள போகல. எதையோ மறைக்கிறா."

கிளம்பும்போது என்னிடம், "நீ இப்ப என்ன வரையற?" என்று கேட்டார். ஸ்கூல்ல வேலை ஜாஸ்தி என்றேன். அவர் கார் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபரில் ஒரு மதிய உணவு இடைவேளையில் எழிலை ஓவிய அறைக்கு வரச்சொன்னேன். டிபன் பாக்ஸோடு வந்தாள். எலுமிச்சை சாதம். சாப்பிட்டுக்கொண்டே பேசு என்றேன். நான் கேட்டவை எல்லாம் சாதாரணக் கேள்விகள். அவற்றை அப்படியே தருகிறேன்.

"தண்ணி வந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

"மாடில, மிஸ். பிஸ்கட் சாப்ட்டேன்."

"அது அப்புறம். அதுக்கு முன்னாடி?"

"வீட்லதான் இருந்திருப்பேன்."

"சூர்யா?"

"அவனும் வீட்லதான் இருந்திருப்பான், மிஸ்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருந்திருப்பீங்க. சின்னக் குழந்த, தண்ணியப் பாத்தா பயந்திருப்பான். உன் கையப் பிடிச்சிருப்பான் இல்ல?"

"இருக்கலாம், மிஸ்."

"எந்தக் கை?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு மஞ்சள் ஒட்டியிருந்த வலது கையை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"இதுவா இருக்கும், மிஸ்."

பெல் அடித்துவிட்டது. போகும்போது சொன்னேன்: "வீட்டுக்குப் போய் இத மட்டும் யோசி. அம்மாகிட்ட, பெரியப்பாகிட்ட எதுவும் கேக்காத. மத்தவங்க சொல்றது உன் ஞாபகத்தக் கலச்சிடும். இது உன் படம்."

இப்படி ஏழெட்டு மதியங்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஞாபகம் வந்தது. தண்ணீர் பழுப்பாக இருந்தது என்றாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்தது என்றாள். தம்பியின் கை வழவழவென்று இருந்தது என்றாள். வழவழப்பு என்ற வார்த்தையை முதலில் சொன்னது நானா அவளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான்தான். ஆனால் 'நீதான் விட்டாய்' என்று ஒருமுறைகூட அவளிடம் சொன்னதில்லை. இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் கடைசியில் படம் வந்தது. மேலிருந்து பார்க்கிற தண்ணீர். அதற்குள் ஒரு குழந்தையின் கை. அதைச் சுற்றி இன்னொரு கை இறுக்கமாக மூடியிருந்தது. எழிலின் கை. கரியில் வரைந்திருந்தாள். நல்ல படம்தான். ஆனாலும் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிற படத்தை யார் வேண்டுமானாலும் வரைவார்கள்.

நான் ரப்பரை எடுத்தேன். அந்த மூடிய விரல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். கரிக்குச்சியை வாங்கி விரல்களைத் திறந்து வரைந்தேன். திருத்துவது ஓவிய ஆசிரியரின் வேலை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தையின் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் அரை அங்குலம் வெள்ளைத்தாள் விட்டேன்.

"இப்பப் பாரு. இதுல எது உண்மைன்னு உனக்குத் தோணுது?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கரிக்குச்சியை வாங்கி, நான் திறந்து வைத்த விரல்களுக்குத் தானே நிழல் போட்டாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தாளில் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பி வரைந்தாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். "தன்னப் பாக்கறதுக்குத் தைரியம் வேணும், எழில். நீ வளந்துட்ட" என்றேன். எதிர்ப்பக்கத்தில் அவள் ஒரே வரி எழுதினாள்: 'நான் கையை விட்டுவிட்டேன்.'

அன்று மாலை பஸ் ஏறாமல் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

கண்காட்சி ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பள்ளி ஹாலில். எழில் அந்தப் படத்தை நான்கடித் தாளில் பெரிதாக வரைந்திருந்தாள். 'விட்ட கை' என்று பெயர் வைத்தது நான். வெளியில் வைக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "வைங்க, மிஸ். எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள். அப்போது அவள் முகம் வயதான பெண்ணின் முகம்போல் இருந்ததை முதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். கோகிலவாணிக்கு நானே போன் செய்தேன். கடையைச் சாத்திவிட்டாவது கண்டிப்பாக வர வேண்டும் என்றேன். பெற்றோர் பார்ப்பதும் திட்டத்தில் ஒரு பகுதி.

அவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், பொன்னுரங்கத்தோடு. படத்தின் மூலையில் எட்மண்ட் அதற்குள் முதல் பரிசுக்கான சிவப்பு ரிப்பனைக் குத்தியிருந்தார். ரிப்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் கோகிலவாணி கிட்டே வந்தார். பெயரைப் படித்தார். கீழே ஒட்டியிருந்த மகளின் எழுத்தைப் படித்தார். கையை நீட்டி அந்தத் திறந்த விரல்களைத் தொட்டார். விரல் நுனியில் கரி ஒட்டிக்கொண்டது.

"இவ அங்க இல்லவே இல்லியே" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் இரண்டு மூன்று பெற்றோர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் இடுப்புலதான் இருந்தான். கயித்தப் புடிச்சிகினு வந்தேன். தெருமுனையில காவா தொறந்து கெடந்தது தெரியல. கால் உள்ள போச்சி. என் கையிலேர்ந்துதான் போனான். இவ மாடில இருந்தா. இவ இன்னா பண்ணா? என் கையிலேர்ந்துதான்."

பத்து வருடத்தில் அந்த வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத விஷயத்தை அவர் அறுபது எழுபது பேர் நடுவில் சொன்னார். பொன்னுரங்கம் அவர் பின்னால் கைகட்டி நின்றார். எட்மண்ட் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஓவியம்னா நடந்தது நடந்தபடியே இருக்கணும்னு இல்லைங்க" என்றேன்.

எழில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் சொன்னது எனக்கு மட்டுமில்லை, அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது: "எனக்காகப் பொய் சொல்லாதம்மா. எனக்கு ஞாபகம் வந்துடுச்சி. அவன் கை என் கையிலதான்மா இருந்துச்சி."

அதன்பிறகு நடந்தவை உங்கள் கோப்பில் இருக்கின்றன. எழில் வலது கையை மூடியே வைத்திருக்கிறாள். சாப்பிடும்போதும் எழுதும்போதும் மட்டும் திறக்கிறாள். தூங்கும்போது நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகி, அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். அனகாபுத்தூரில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. அது கையைப் பிடிக்க வந்தால் இவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். கோகிலவாணி தினமும் அவளிடம் நடந்ததைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல, அம்மா தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்று அவள் இன்னும் உறுதியாக நம்புகிறாள். இறந்துபோன மகனை ஒரு தாய் தினமும் தன் கையிலிருந்து நழுவவிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது, உயிரோடு இருக்கிற மகள் நம்புவதற்காக. அவள் நம்புவதில்லை.

விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "அந்தப் பெண் சொன்னது உண்மையில்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?" கண்காட்சி அன்று என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் குரலில் கருணை இருந்தது. ஆசிரியை அதிக ஆர்வத்தில் தவறு செய்துவிட்டார், கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் அறிக்கை போகும் என்று அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தாள்களை நான் எழுத ஆரம்பித்தது அதனால்தான்.

நவம்பரில் பெற்றோர் கூட்டத்துக்குப் பொன்னுரங்கம் வந்திருந்தார். நல்ல மழை. சைக்கிள் ஸ்டாண்ட் தகரக் கூரைக்குக் கீழே என்னை நிறுத்திப் பேசினார்.

"டீச்சர், எங்க எழில் இன்னாமோ படம் வரையுதாமே. சூர்யா படமா?"

ஆமாம் என்றேன்.

"அதுக்கு அதெல்லாம் தெரியாது, டீச்சர். தண்ணி ஏறிகினு வரச்சொல்லோ நான்தான் எழில தோள்ல தூக்கிகினு போய் எதுத்த வூட்டு மொட்ட மாடில வுட்டேன். அழுவாம இருக்கட்டும்னு பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு கையில குட்த்தேன். அப்புறந்தான் எறங்கி வந்து பாக்கறேன், கோகிலா நடுத்தண்ணில நிக்கிது, கையில புள்ள இல்ல. நாங்க யாரும் வூட்ல அத்தப் பேசறதில்ல. அது தாங்காது. எழிலு ஏதாச்சும் தப்பா போட்டுச்சின்னா நீங்க சொல்லிப் புரிய வைங்க. உங்க பேச்சத்தான் அது கேக்குது."

எல்லாம் தெளிவாகக் கேட்டது. மழைச் சத்தத்துக்கு மேல் சத்தமாகத்தான் பேசினார். சரிங்கய்யா, நான் பாத்துக்கறேன் என்றேன்.

மறுநாள் எழிலைக் கூப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவள் பெரிய தாளுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். எட்மண்டுக்கு நான் சிறிய படத்தின் போட்டோவை அனுப்பியிருந்தேன், அவர் "இதுதான் படம். பிரமாதம், சந்திரிகா" என்று பதில் போட்டிருந்தார். இருபத்தாறு வருடம் கழித்து எனக்கு வந்த பாராட்டு. நான் எழிலிடம், பெரிய படத்தில் கரியோடு தண்ணீருக்கு மட்டும் கொஞ்சம் பழுப்பு சேர்க்கச் சொன்னேன். இது அந்தத் தாயின் ரகசியம், அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தத் தாய்க்கே போன் செய்து, கண்டிப்பாக வாருங்கள் என்று அழைத்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் கழித்துப் பொன்னுரங்கம் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், அன்னிக்கு நான் சரியா சொல்லலியா? மழ சத்தத்துல உங்களுக்குக் காதுல வுழலியா?"

அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. தப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு டீச்சர் தெரிந்தே செய்வாள் என்று அவரால் நினைக்க முடியவில்லை.

"ஆமாங்கய்யா. சரியாக் கேக்கல" என்றேன்.

"என் தப்புதான், டீச்சர். வூட்டாண்ட கூட்டிகினு போய் உக்கார வச்சிப் பேசிருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். உங்கள் விசாரணையில் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பிப்ரவரியில், டி.சி. வாங்க வந்த அன்று, எழில் ஸ்டாஃப் ரூமுக்கு என்னைத் தேடி வந்தாள். வேறு யாரும் இல்லை. கையில் கட்டு இருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், நீங்க சொல்லுங்க. அம்மா, பெரியப்பா எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. எனக்காகத்தான பொய் சொல்றாங்க?"

அவள் உலகத்தில் வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள். நான் சொன்னால் நம்புவாள். 'அந்த விரல்களைத் திறந்தது நான்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இந்தப் பள்ளியில் என்னை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்த ஒரே பிள்ளை அவள்.

"அம்மாவுக்கு உன்மேல ரொம்பப் பாசம், எழில்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்த பதில் கிடைத்ததுபோல ஆட்டினாள். "தேங்க்ஸ், மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு நவம்பரிலேயே தெரியும், சார். தெரிந்துதான் செய்தேன். இரண்டு மாதம் தெரிந்தே செய்தேன், அதற்குப் பிறகும் தெரிந்தே சும்மா இருந்தேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வேலையிலிருந்து நீக்கினாலும் மறுப்பு எழுதமாட்டேன். பரிசை நிர்வாகம் திரும்பப் பெறலாம். கோகிலவாணியிடமும் பொன்னுரங்கத்திடமும் இந்தத் தாள்களைக் காட்டலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எழிலிடம் மட்டும் இதைக் காட்ட வேண்டாம். இப்போதுதான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பழசையெல்லாம் கிளறினால் அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள்.